கூலாயா, சிங்கப்பூரா, புருணையா? ஸ்டார்ட்அப் சூழலை ஒப்பிட ஒரு செய்முறை

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் உள்ள நம் கூலாயில் யாராவது ஸ்டார்ட்அப் என்று வாயெடுத்தால், “அந்தப் பக்கம் போய்ப் பதிவு பண்ணிடு” என்ற யோசனை டீ ஆறுவதற்குள் வந்துவிடும். பாலம் தாண்டினால் சிங்கப்பூர், அங்கே காசு இருக்கிறது, வரி குறைவு. புருணையில் வரியே இல்லை என்று எங்கோ படித்தவரும் ஒருவர் இருப்பார். இவை எல்லாமே பாதி உண்மை. அந்தப் பாதியை நம்பிக் கம்பெனி திறந்தவர்கள்தான் பின்னால் இரண்டு நாட்டுக் கணக்காளருக்கும் கட்டணம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

எந்த நாடு சிறந்தது என்று கேட்டால் பயன்படும் பதில் வராது. கேள்வியை நான்காக உடையுங்கள். காசு கொடுத்து வாங்குபவர் எங்கே இருக்கிறார்? முதலீடு எங்கே இருக்கிறது? வேலை செய்பவர்கள் எங்கே கிடைப்பார்கள்? கம்பெனியின் பதிவு எங்கே இருக்க வேண்டும்? நான்குக்கும் ஒரே நாடு விடையாக வர வேண்டும் என்று கட்டாயமில்லை. டாக்சி கூப்பிடும் செயலியான கிராப் 2012-இல் கோலாலம்பூரில் மைடெக்சியாகத் தொடங்கியது. வாடிக்கையாளரும் டாக்சிக்காரரும் இங்கேதான் இருந்தார்கள். 2014-இல் சிங்கப்பூரின் வெர்டெக்ஸ் முதலீடு செய்தது, அதே ஆண்டில் தலைமையகமும் அங்கே போனது. மலேசியச் சந்தையை அவர்கள் கைவிடவில்லை. மாறியது இரண்டாவது, நான்காவது கேள்விகளின் விடை மட்டுமே.

கீழே ரிங்கிட் என்றால் மலேசியப் பணம், வெள்ளி என்றால் சிங்கப்பூர் அல்லது புருணைப் பணம். 1967 உடன்பாட்டின்படி அந்த இரண்டு நாணயங்களும் ஒன்றுக்கு ஒன்று சமமாக மாற்றத்தக்கவை, ஒப்பிடுபவருக்கு அது ஒரு வசதி. மாற்று விகிதம் 1 வெள்ளிக்கு 3.2 ரிங்கிட் என்று கணக்குக்காக வைத்திருக்கிறோம். நீங்கள் போடும்போது அன்றைய விகிதத்தைப் போடுங்கள்.

தாளைத் தயார் செய்யுங்கள்

எக்செல்லில் மூன்று நெடுக்கைகள் போதும்: கூலாய், சிங்கப்பூர், புருணை. “மலேசியா” என்று எழுதாமல் உங்கள் ஊர்ப் பெயரையே எழுதுங்கள். நீங்கள் ஆள் வைக்கப்போவதும் வாடகை கட்டப்போவதும் கூலாய் விலையில். கோலாலம்பூரின் பங்சார் விலை உங்களுக்கு எதற்கு? ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று விவரம் இருக்க வேண்டும்: எண், அது எந்த அலுவலகத்தின் எண், எந்தத் தேதியில் பார்த்தது. தேதி இல்லாத எண்ணை அழித்துவிடுங்கள். கம்பெனிப் பதிவுக்கு மலேசியாவில் எஸ்.எஸ்.எம்., சிங்கப்பூரில் அக்ரா, புருணையில் கம்பெனிப் பதிவாளர் அலுவலகம், இந்த மூன்றின் பக்கங்களை நேராகப் பாருங்கள். “ஆறே நிமிடத்தில் கம்பெனி திறந்து தருகிறோம்” என்று எழுதுகிற முகவர்களின் பக்கம் விளம்பரம். அதிலுள்ள எண்ணைத் தாளில் ஏற்றாதீர்கள்.

தாளின் தலையில் உங்கள் பொருளை ஒரு வரியில் எழுதுங்கள், யார் காசு கொடுப்பார் என்பதோடு சேர்த்து. இது இல்லாமல் ஒப்பிட உட்கார்ந்தால் எல்லாக் கட்டமும் சிங்கப்பூர் பக்கமே சாயும்.

இரண்டு பொருளை எடுத்துக்கொள்வோம். முதலாவது, செம்பனைச் சிறுதோட்டக்காரர் குலை அறுத்ததும் லாரி கூப்பிடும் செயலி. அறுத்த குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும், தாமதமானால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் இறங்கும். ஆகவே லாரி கிடைக்காத நாள் நேரடி நட்டம். இரண்டாவது, தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கான தமிழ் வாசிப்புப் பயிற்சிச் செயலி.

வாங்குபவரை எண்ணுவது

லாரிச் செயலிக்கு மலேசியாவில் ஏறத்தாழ 56 லட்சம் ஹெக்டேர் செம்பனை இருக்கிறது. சிங்கப்பூரில் தோட்டமே இல்லை, புருணையிலும் சொல்லும்படி இல்லை. வாங்குபவர் வரிசையில் கூலாய் மட்டும்தான் மிஞ்சும், ஒப்பீடு முடிந்தது என்று தோன்றும். ஆனால் யார் காசு கொடுக்கிறார் என்பதை மாற்றிப் பாருங்கள். குலை எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்ற தடத்தகவலை விற்கப் போகிறீர்கள் என்றால், அதை வாங்கக்கூடிய வில்மார், கோல்டன் அக்ரி போன்ற பெரிய நிறுவனங்களின் தலைமையகம் சிங்கப்பூரில் இருக்கிறது. செயலியும் பயனரும் மாறவில்லை, காசு கொடுப்பவர் மட்டும் பாலத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்.

தமிழ்ச் செயலிக்குக் கணக்கு வேறு. மலேசியாவில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உண்டு. சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி, பள்ளியில் தாய்மொழிப் பாடம், தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் அதற்கு மதிப்பெண். பிள்ளைகள் எண்ணிக்கையில் மலேசியா பெரிது. தேர்வு பயத்தில் டியூஷனுக்குக் காசு கொடுக்கும் பழக்கத்தில் சிங்கப்பூர் பெரிது. இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, சிங்கப்பூர் இந்தியர் எண்ணிக்கையை அப்படியே எடுத்து வாடிக்கையாளர் என்று எழுதுவது. அவர்களில் பலர் வீட்டில் ஆங்கிலம் பேசுபவர்கள். பள்ளியில் இந்தி, பஞ்சாபி, வங்காளம், குஜராத்தி, உருது படிக்கும் இந்தியப் பிள்ளைகளும் உண்டு. தொடக்கப்பள்ளி வயது, தமிழ் எடுப்பவர், டியூஷன் செலவு செய்யும் வீடு என்று மூன்று முறை வடிகட்டிய பிறகு மிஞ்சுவதுதான் உங்கள் சந்தை.

வடிகட்டிய எண்ணும் ஊகம்தான். அதைச் சோதிக்க ஒரே வழி முன்பணம். ஒரே பக்கத்தை இரண்டு விலையில் போடுங்கள், இங்கே மாதம் 10 ரிங்கிட், அங்கே மாதம் 10 வெள்ளி. “நல்லாருக்கு, வந்ததும் சொல்லுங்க” என்பதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வங்கியில் விழுந்ததை மட்டும் சேருங்கள். பத்துக் கூலாய்ப் பெற்றோர், பத்து சிங்கப்பூர்ப் பெற்றோர் என்று சம அளவில் கேளுங்கள். சொந்தக்காரர் அந்தப் பத்துக்குள் வரக்கூடாது.

புருணையின் மக்கள்தொகை ஏறத்தாழ 4.5 லட்சம். நுகர்வோரை நம்பும் பொருளுக்கு அது போதாது. கிராப் ஓடும் எட்டு நாடுகளில் புருணை இல்லை என்பதை ஓரமாகக் குறித்துக்கொள்ளுங்கள். பெரிய போட்டியாளர் வராத சந்தை சிலருக்கு வசதி, ஆனால் அவர்கள் ஏன் வரவில்லை என்பதற்கும் பதில் தேடியாக வேண்டும். அரசாங்கத்துக்கோ எண்ணெய், எரிவாயுத் துறைக்கோ விற்கும் பொருள் என்றால் மட்டும் புருணை நெடுக்கையைத் தீவிரமாக நிரப்புங்கள். 2016-இல் அமைத்த டாரே என்ற அரசு அமைப்புதான் அங்கே தொழில்முனைவர் திட்டங்களுக்கு வாசல்.

முதலீட்டை மாதங்களாக மாற்றுங்கள்

மானியத் தொகையை அப்படியே ஒப்பிடுவதில் பயனில்லை. அது எத்தனை மாதம் தாங்கும் என்று மாற்றினால்தான் ஒப்பிட முடியும்.

மலேசியாவில் கிரேடல் நிறுவனத்தின் சிப் ஸ்பார்க் மானியம் 1,50,000 ரிங்கிட் வரை. சிங்கப்பூரின் ஸ்டார்ட்அப் எஸ்.ஜி. ஃபவுண்டர் 50,000 வெள்ளி வரை, அதற்கு நீங்கள் 10,000 வெள்ளி போட வேண்டும். நம் விகிதத்தில் 50,000 வெள்ளி 1,60,000 ரிங்கிட். பார்த்தால் சிங்கப்பூர் கொஞ்சம் கூட. இப்போது மூன்று நிரலாளரை வேலைக்கு வையுங்கள். கூலாயில் ஆளுக்கு 5,000 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால், ஊழியர் சேமநிதிக்கு முதலாளி பங்கு 13%, சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்புச் சந்தாவும் வேலைக் காப்புறுதியும் சேர்த்து ஏறத்தாழ 5,750. மூன்று பேருக்கு மாதம் 17,250. மானியம் எட்டரை மாதம் தாங்கும். சிங்கப்பூரில் குடிமக்களையோ நிரந்தரவாசிகளையோ ஆளுக்கு 5,600 வெள்ளிக்கு எடுத்தால் மத்திய சேமநிதி 17% சேர்த்து 6,552, மூன்று பேருக்கு 19,656. அங்கே 50,000 வெள்ளி இரண்டரை மாதத்தில் கரைந்துவிடும். சம்பள எண்களை உங்கள் நிலவரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள், கணக்குப் போடும் முறை இதுதான்.

இதைவிட முக்கியம் தகுதி. ஃபவுண்டர் மானியம் சிங்கப்பூர்க் குடிமகன் அல்லது நிரந்தரவாசிக்கு மட்டும். மலேசிய அடையாள அட்டையான மைகார்டு வைத்திருக்கும் கூலாய்க்காரருக்கு அந்தக் கட்டத்தின் மதிப்பு சுழியம். தனக்குக் கிடைக்காத மானியத்தைச் சேர்த்துக்கொண்டு “அங்கே ஆதரவு அதிகம்” என்று முடிவு செய்வதுதான் இந்த ஒப்பீட்டில் நாம் அதிகம் காணும் பிழை. ஒவ்வொரு நிதிக்கும் குடியுரிமை, பங்கு விழுக்காடு, கம்பெனியின் வயது, பணம் முன்னால் வருமா செலவழித்த பின் வருமா என்ற நான்கையும் எழுதுங்கள். கடைசியானது பலரைக் கவிழ்க்கும். கட்டம் கட்டமாக இலக்கை முடித்துக் காட்டினால்தான் பணம் என்றால், முதல் மாதச் சம்பளத்துக்குச் சொந்தக் கையிருப்பு வேண்டும்.

தெக்குனின் ஸ்பூமி, பேங்க் ராக்யாட்டின் பிரீஃப்-ஐ ஆகியவை மலேசிய இந்தியத் தொழில்முனைவருக்கென்றே இருப்பவை. அவை கடன், மானியம் அல்ல. கடை, கேட்டரிங், வொர்க்‌ஷாப் போல சீக்கிரமே கல்லாவில் காசு விழும் தொழிலுக்குப் பொருந்தும். ஒன்றரை வருடம் வருமானமே இல்லாமல் ஓடும் செயலிக்குத் தவணைக் கடன் வாங்கினால், தவணை கட்டவே இன்னொரு கடன் தேவைப்படும். இவற்றைத் தனி வரியில் வையுங்கள், மானியத்தோடு கூட்டாதீர்கள். பங்கு கொடுத்துப் பொதுமக்களிடம் நிதி திரட்டும் தளங்களை மலேசியப் பங்குச் சந்தை ஆணையம் 2015-லேயே பதிவு செய்து அனுமதித்தது. முகம் தெரியாத ஊரிலிருந்து வருபவருக்கு அது ஒரு நல்ல கதவு என்பது எங்கள் கருத்து.

வேலை செய்பவர்களும் அனுமதியும்

இங்கிருந்து தினமும் சிங்கப்பூர் போய்வரும் பிள்ளைகள் பலர் வொர்க் பர்மிட்டில் இருக்கிறார்கள். அந்த அனுமதியின் நிபந்தனைப்படி அவர்கள் அங்கே சொந்தத் தொழில் தொடங்கவோ வேறொரு தொழிலில் பங்கேற்கவோ முடியாது. “பகல்ல வேலை, ராத்திரில நம்ம கம்பெனி” என்று சிங்கப்பூர்க் கம்பெனியில் பெயரைப் போட்டால் இருக்கும் வேலையும் போகும். நிறுவனராக அங்கே போக வேண்டுமானால் என்ட்ரெபாஸ், எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்று இரண்டு வழி உண்டு. இரண்டாவதற்குக் குறைந்தபட்சச் சம்பளம் 2025 தொடக்கத்திலிருந்து 5,600 வெள்ளி, நிதித்துறையில் 6,200. வயது கூடக்கூட அதுவும் கூடும். அதோடு காம்பஸ் புள்ளிமுறையில் 40 புள்ளி வேண்டும். நிறுவனர் தனக்கே மாதம் 5,600 வெள்ளி, அதாவது 17,920 ரிங்கிட், சம்பளம் கொடுத்துக்கொள்ள வேண்டும் என்பதை மறக்காமல் செலவில் ஏற்றுங்கள். கூலாயில் மூன்று பேரின் மாதச் செலவைவிட அது கூடுதல்.

பதிவும் வரியும்

பதிவுக் கட்டணம் ஒரு பொருட்டே இல்லை. மலேசியாவில் பெயர் ஒதுக்க 50 ரிங்கிட், செண்டிரியான் பெர்ஹாட் (தனியார் கம்பெனி) பதிவுக்கு 1,000. சிங்கப்பூரில் 15 வெள்ளி, 300 வெள்ளி. நம் விகிதத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வித்தியாசம் அடுத்து வருகிறது. சிங்கப்பூர்க் கம்பெனிக்கு அங்கே வசிக்கும் இயக்குநர் ஒருவராவது கட்டாயம், உள்ளூர் முகவரி வேண்டும், ஆறு மாதத்துக்குள் செயலாளர் வேண்டும். கூலாயில் இருப்பவர் பெயருக்கு ஓர் இயக்குநரைக் கட்டணத்துக்கு அமர்த்த வேண்டியிருக்கும், அந்தக் கட்டணம் வருடா வருடம் வரும். புருணையில் இயக்குநர் ஒருவர் மட்டும் என்றால் அவரே அங்கு வசிப்பவராக இருக்க வேண்டும், இருவரானால் ஒருவர், அதற்கு மேலானால் இருவர். மலேசியாவில் ஒரே ஆள் பங்குதாரராகவும் இயக்குநராகவும் இருக்கலாம், 30 நாளுக்குள் செயலாளரை அமர்த்தினால் போதும்.

வரியில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். சிங்கப்பூரின் 17% வரியில் புதுக் கம்பெனிக்கு முதல் மூன்று கணக்காண்டுகளில் முதல் 1,00,000 வெள்ளியின் 75%, அடுத்த 1,00,000-இன் 50% விலக்கு. 1,00,000 வெள்ளி லாபத்துக்கு வரி 4,250 வெள்ளிதான். கேட்கவே இனிக்கும். ஆனால் அந்த விலக்குக்குக் கம்பெனி சிங்கப்பூரின் வரிவாசியாக இருக்க வேண்டும், அதாவது கட்டுப்பாடும் நிர்வாகமும் அங்கே நடக்க வேண்டும். நீங்கள் தாமான் வீட்டு ஹாலில் உட்கார்ந்து எல்லா முடிவையும் எடுத்தால், அந்தக் கம்பெனியை மலேசியாவின் உள்நாட்டு வருமான வரி வாரியம் தன் வரிவாசி என்று சொல்ல இடமிருக்கிறது. விலக்கும் கிடைக்காமல், இரண்டு பக்கமும் கணக்குக் காட்டும் வேலை மட்டும் மிஞ்சும்.

மலேசியப் பக்கம்: சிறு கம்பெனிக்கு முதல் 1,50,000 ரிங்கிட் லாபத்துக்கு 15%, அதன் மேல் 6,00,000 வரை 17%, மீதிக்கு 24%. 3,00,000 ரிங்கிட் லாபம் என்றால் 22,500 கூட்டல் 25,500, மொத்தம் 48,000. சிங்கப்பூரில் தாய்க் கம்பெனியைத் திறந்து, கூலாய்க் கம்பெனியை அதன் துணைக் கம்பெனியாக்கினால் என்ன ஆகும்? 2024 கணக்காண்டிலிருந்து, வெளிநாட்டுக் கம்பெனியோ வெளிநாட்டவரோ 20%-க்கு மேல் பங்கு வைத்திருந்தால் இந்தச் சலுகை விகிதம் கிடையாது. முழு லாபத்துக்கும் 24%, அதாவது 72,000. முதலாளி நீங்களேதான், ஆனால் வருடத்துக்கு 24,000 ரிங்கிட் கூடுதல். மலேசியர் பெரும்பங்கு வைத்திருக்க வேண்டும் என்று கேட்கும் மானியங்களும் அதே நாளில் கைவிட்டுப் போகும்.

அப்படியானால் ஏன் ஆட்கள் சிங்கப்பூருக்கு மாறுகிறார்கள்? முதலீட்டாளர் கேட்பதால். அவர்களுக்குப் பழகிய பங்கு ஒப்பந்தங்கள், வழக்கு வந்தால் தெரிந்த நீதிமன்றம், பங்கை விற்றால் மூலதன ஆதாய வரி இல்லை. மலேசியாவில் பட்டியலிடாத கம்பெனியின் பங்கை ஒரு கம்பெனி விற்றால் 2024 மார்ச் முதல் மூலதன ஆதாய வரி உண்டு. ஆகவே சிங்கப்பூர்த் தாய்க் கம்பெனி என்பது முதலீட்டாளர் எழுத்தில் கேட்டபின் செய்யும் வேலை. அதற்குமுன் செய்தால் செலவு மட்டும்தான்.

புருணையில் தனிநபர் வருமான வரி இல்லை, பொருள் சேவை வரி இல்லை, கம்பெனி வரி 18.5%. ஆண்டு விற்பனை 10 லட்சம் வெள்ளிக்குள் இருந்தால் கம்பெனி வரியும் இல்லை. ஆக “வரியே இல்லை” என்றவர் சொன்னது சிறு கம்பெனிக்குச் சரிதான். அந்த விற்பனையை 4.5 லட்சம் பேரிடம் எப்படி எட்டுவது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

உண்மையில் லாபமே வராத முதல் ஆண்டுகளில் வரி விகித வரிசை தாளின் அடியில் இருந்தால் போதும். அதற்குப் பதில் நட்டத்தை எத்தனை ஆண்டு முன்னெடுத்துக் கழிக்கலாம் என்ற வரிசையைச் சேருங்கள்: மலேசியாவில் 10 ஆண்டு, புருணையில் 6. சிங்கப்பூரில் காலவரம்பு இல்லை, ஆனால் பங்குதாரர்களில் பாதிக்கு மேல் மாறிவிடக்கூடாது. முதலீட்டுச் சுற்றுகள் நடக்கும் கம்பெனி அந்தக் கடைசி நிபந்தனையைக் கவனிக்க வேண்டும்.

ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல உடன்பாடு 2025 ஜனவரியில் கையெழுத்தானது. செனாய்–ஸ்கூடாயும் செடனாக்கும் அதன் முக்கியப் பகுதிகள், இரண்டும் நம் வாசலில். அதில் பேசப்படும் 5% வரி குறிப்பிட்ட துறைகளின் பெரிய முதலீட்டுக்கானது. மூன்று பேர் கம்பெனிக்கு அந்தக் கட்டத்தில் 5% என்று எழுதாதீர்கள். ஆனால் அங்கே வரும் ஆலைகளும் தரவு மையங்களும் உங்களுக்கு வாடிக்கையாளராகலாம், அதை முதல் வரிசையில் எழுதுங்கள்.

தரவரிசைகளை எப்படிப் படிப்பது

உலக வங்கியின் டூயிங் பிசினஸ் பட்டியலை இன்னும் பலர் காட்டுகிறார்கள். தரவு முறைகேடு காரணமாக அது 2021 செப்டம்பரில் நிறுத்தப்பட்டது. கடைசியாக வந்த 2020 பதிப்பில் சிங்கப்பூர் 2, மலேசியா 12, புருணை 66. அதே பதிப்பில் கடன் பெறுதல் என்ற பிரிவில் புருணை உலகில் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டது! அந்தப் பிரிவு அளந்தது அடமானச் சட்டத்தையும் கடன் விவரப் பதிவேட்டையும். வங்கி உங்களுக்குக் கடன் தருமா என்பதை அது அளக்கவே இல்லை. எந்தப் பட்டியலைப் பார்த்தாலும் எதை அளந்தார்கள் என்ற பகுதியை முதலில் படியுங்கள். ஸ்டார்ட்அப் ஜினோம் நகரங்களை ஒப்பிடும் பட்டியல். அதில் சிங்கப்பூர் ஒரு முழு நாடு, கோலாலம்பூர் ஒரு நகரம், கூலாய் எங்குமே இல்லை.

ஆள் வீத எண்களும் ஏமாற்றும். மக்கள்தொகை சிறிதானால் ஒரே ஒரு பெரிய கம்பெனி சராசரியைத் தூக்கிவிடும். கைப்பழக்கத்துக்கு பால்டிக் நாடுகளை ஒருமுறை இதே தாளில் போட்டுப் பாருங்கள். எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியா மூன்றும் சேர்ந்தே ஏறத்தாழ 60 லட்சம் பேர், சிங்கப்பூர் அளவு. பக்கத்துப் பக்கத்து நாடுகள், ஆனாலும் போல்ட் தாலினில், பிரிண்ட்ஃபுல் ரீகாவில், விண்டெட் வில்னியஸில் பிறந்த கம்பெனிகள், உள்ளூர்ச் சந்தை போதாமல் வெளியே போனவை. எஸ்டோனியா 2014-இல் தொடங்கிய மின்வாசி (இ-ரெசிடென்சி) அட்டையை வைத்துக் கூலாயிலிருந்தே அங்கே கம்பெனி திறக்கலாம் என்பது உண்மை. அந்த அட்டை குடியிருப்பு உரிமையோ வரிவாசி நிலையோ தராது என்பதும் உண்மை.

தாளை எப்போது திருத்துவது

சிங்கப்பூர் வரவுசெலவுத் திட்டம் பிப்ரவரியில், மலேசியாவுடையது அக்டோபரில். புருணையின் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கும். பிப்ரவரி முடிந்ததும் பாஸ் சம்பளம், மானியத் தொகை, வரி விலக்கு ஆகிய கட்டங்களையும், அக்டோபர் முடிந்ததும் சிறு கம்பெனி வரி, சேமநிதி, குறைந்தபட்சச் சம்பளம், கிரேடல் நிபந்தனை ஆகியவற்றையும் மறுபடி பார்த்துத் தேதியை மாற்றுங்கள். மலேசியாவின் கணக்குத் தணிக்கை விலக்கைத் தனியாகக் கவனியுங்கள், அதன் விற்பனை வரம்பு படிப்படியாக ஏறுகிறது: 2025-இல் 10 லட்சம் ரிங்கிட், 2026-இல் 20 லட்சம், 2027-இல் 30 லட்சம். சொத்து மதிப்புக்கும் அதே வரம்புகள், ஊழியர் எண்ணிக்கைக்கு 10, 20, 30. மூன்றில் இரண்டு பொருந்தினால் போதும், ஆனால் நடப்பு ஆண்டிலும் முந்திய இரண்டு ஆண்டுகளிலும் பொருந்த வேண்டும்.